ஸ்னெல்லை எடுத்தது தப்பா, ஆண்டர்சனைக் கொண்டுவந்தது தப்பா?

பேஸ்பால் பார்க்கிற நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் 2020 வேர்ல்ட் சீரீஸின் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர், நாலு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை) ஆறாவது ஆட்டம் எப்படியும் பேச்சில் வந்துவிடும், வந்த உடனே ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். அன்று டாம்பா பே ரேஸ் மேனேஜர் கெவின் கேஷ், அருமையாகப் போட்டுக்கொண்டிருந்த பிட்சர் (பந்து எறிபவர்) பிளேக் ஸ்னெல்லை எடுத்துவிட்டு நிக் ஆண்டர்சனைக் கொண்டுவந்தார், ரேஸ் தோற்றது. ஒரு கட்சி, "அந்த ஆள் அப்படிப் போட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது எடுப்பார்களா?" என்று கேட்கும். இன்னொரு கட்சி, "கணக்குப்படி அதுதான் சரி, பலன் தவறிப்போனதற்கு மேனேஜர் என்ன செய்வார்?" என்று திருப்பிக் கேட்கும். இரண்டு பக்கமும் நான் இருந்திருக்கிறேன். ஆட்டம் முடிந்த அன்று கோபத்தில் முதல் கட்சி, ஒரு வருஷம் கழித்து எண்களைப் புரட்டிப் பார்த்த பிறகு இரண்டாவது. இப்போது எனக்குத் தோன்றுவது வேறு. ஸ்னெல்லை எப்போது எடுப்பது என்பது ஒரு கேள்வி, அவர் இடத்தில் யாரைக் கொண்டுவருவது என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்துச் சண்டை போடுவதால்தான் இந்த விவாதம் இத்தனை வருஷமாக நகரவே மாட்டேன் என்கிறது.

சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2020 அக்டோபர் 27, டெக்சஸ் மாநிலம் ஆர்லிங்டன், குளோப் லைஃப் ஃபீல்ட். கொரோனா காலம் என்பதால் தொடர் முழுவதும் அந்த ஒரே மைதானத்தில், சுமார் 11,000 பேர்தான் உள்ளே. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 3-2 என்று முன்னால் இருந்தது, டாம்பா பே ரேஸுக்கு இதில் தோற்றால் அடுத்த ஆட்டம் கிடையாது. முதல் இன்னிங்ஸிலேயே (பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் அணிக்கு மூன்று அவுட்) ராண்டி அரோசரேனா ஒரு ஹோம் ரன் (எல்லையைத் தாண்டிய அடி) அடித்தார், அந்த போஸ்ட் சீசனில் (வழக்கமான சீசனுக்குப் பிறகு வரும் கோப்பைச் சுற்றுகளில்) அவருக்கு அது 10ஆவது. ரேஸ் 1-0. அதற்கப்புறம் பிளேக் ஸ்னெல்லின் ஆட்டம்தான். ஆறாவது இன்னிங்ஸில் ஒரு அவுட் விழுந்தபோது அவர் கணக்கு இப்படி இருந்தது: 73 பந்துகள், 9 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), ஒரு வாக்கூட (நாலு தவறான பந்தால் பேட்டர் சும்மா முதல் பேஸுக்குப் போவது) இல்லை, ஹிட் 2. அந்த இரண்டாவது ஹிட் ஒன்பதாவது பேட்டர் ஆஸ்டின் பார்ன்ஸ் அடித்த சாதாரண சிங்கிள் (முதல் பேஸ் வரை போகவைக்கும் அடி). அடுத்து வரிசையின் தலை, மூக்கி பெட்ஸ். மேனேஜர் கெவின் கேஷ் டக்அவுட்டிலிருந்து எழுந்து நடந்து வந்தார், ஸ்னெல் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பந்து கை மாறியது, நிக் ஆண்டர்சன் உள்ளே வந்தார்.

அப்புறம் நடந்ததெல்லாம் சில நிமிஷக் கதை. பெட்ஸ் டபுள் (இரண்டாவது பேஸ் வரை போகவைக்கும் அடி) அடித்தார், பார்ன்ஸ் மூன்றாவது பேஸுக்குப் போனார். ஆண்டர்சன் ஒரு வைல்ட் பிட்ச் (கேட்சர் பிடிக்க முடியாமல் விலகிப்போகும் பந்து) போட, பார்ன்ஸ் ஓடிவந்து 1-1. கோரி சீகர் முதல் பேஸ் பக்கம் தரையோடு தட்டிய பந்தில் பெட்ஸ் ஹோம் பிளேட்டுக்குப் பாய்ந்து, எறி வருவதற்குள் சறுக்கி உள்ளே போய்விட்டார், 2-1. எட்டாவது இன்னிங்ஸில் பெட்ஸ் ஒரு ஹோம் ரனும் அடித்து 3-1 என்று முடித்துவைத்தார். டாட்ஜர்ஸுக்கு 1988க்குப் பிறகு முதல் கோப்பை.

கிரிக்கெட் பழக்கத்தில் இதைப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் பௌலரை நிறுத்திவைத்துவிட்டு, தேவைப்பட்டால் ஐந்து ஓவர் கழித்துத் திரும்பக் கூப்பிடலாம். பேஸ்பாலில் மாற்றி வெளியே போனவர் போனவர்தான், அந்த ஆட்டத்தில் மறுபடி வர முடியாது. அதோடு 2020இல்தான் புது விதி ஒன்று வந்திருந்தது: மாற்றாக உள்ளே வரும் பிட்சர், அதாவது ரிலீவர், குறைந்தது மூன்று பேட்டருக்காவது போட வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸ் முடிய வேண்டும். ஆக, கேஷ் ஒரு பேட்டருக்காக ஆண்டர்சனைக் கூப்பிடவில்லை. பெட்ஸ், சீகர், ஜஸ்டின் டர்னர் மூவருக்கும் சேர்த்துத்தான் கூப்பிட்டார். அந்த வருஷம் இரண்டு லீகிலும் (அமெரிக்கன், நேஷனல்) பிட்சருக்குப் பதில் வேறொருவர் பேட் பிடிக்கும் முறை இருந்ததால், 'ஸ்னெல் பேட் செய்ய வேண்டிய முறை வந்துவிட்டது, அதனால் எடுத்தோம்' என்று சொல்லவும் வழியில்லை. பிட்சரை மட்டும் பார்த்து எடுத்த சுத்தமான முடிவு அது. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தெளிவான கேஸ் கிடைக்காது.

முதல் வழி, ஸ்னெல்லையே விட்டுவைப்பது.

இந்தப் பக்கத்துக்கு ஆதாரம் கண் முன்னாலேயே இருந்தது. பெட்ஸ், சீகர், டர்னர் மூவரும் அன்று ஸ்னெல்லிடம் தலா இரண்டு முறை நின்றார்கள், ஆறு முறையும் ஸ்ட்ரைக் அவுட். ஆறுக்கு ஆறு! சீகர் அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியவர், அவரே ஒன்றும் செய்ய முடியாமல் திரும்பிப்போனார். 73 பந்து என்பது களைத்துப்போகிற எண்ணிக்கையே இல்லை. இதோடு இடது வலது கணக்கையும் சேருங்கள். ஸ்னெல் இடது கைக்காரர். சீகர் இடது கை பேட்டர், அவருக்கு இடது கைப் பந்து எப்போதும் சிரமம் கூட. பெட்ஸ் வலது கை பேட்டர், வழக்கமாக இவர்களுக்கு இடது கை பிட்சர் என்றால் கொண்டாட்டம்தான், ஆனால் அந்த 2020 சீசனில் மட்டும் தலைகீழாக இருந்தது: அவர் பேட்டிங் சராசரி இடது கை பிட்சர்களுக்கு எதிராக .200, வலது கை பிட்சர்களுக்கு எதிராக .323. அறுபதே ஆட்டம் நடந்த சீசன், அதில் இடது கைப் பந்துகளை அவர் பார்த்தது இன்னும் குறைவு, அதனால் இந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஆனால் எண்களை நம்பி நடக்கிற ஒரு கிளப், ஸ்னெல்லை எடுப்பதற்கு மட்டும் எண்களை நம்பி, பெட்ஸுக்கு வலது கை பிட்சரைக் கொண்டுவரும்போது எண்களைக் கண்டுகொள்ளாமல் விட்டது என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஸ்னெல் போனதைப் பார்த்து நிம்மதியாக இருந்தது என்று ஆட்டம் முடிந்ததும் பெட்ஸே ஒளிக்காமல் சொன்னார்.

இதற்கு எதிர்ப்பக்கம் பலமில்லாதது என்று நினைத்துவிட வேண்டாம். நான் கட்சி மாறியதே அதனால்தான்.

ஒரே பிட்சரை ஒரு பேட்டர் ஒரே ஆட்டத்தில் முதல்முறை பார்ப்பதைவிட இரண்டாவது முறை நன்றாக அடிக்கிறார், மூன்றாவது முறை இன்னும் நன்றாக. இது பல வருஷ ஆட்டங்களை எடுத்து அலசிப் பார்த்துப் பலமுறை உறுதியான விஷயம். பந்து கையிலிருந்து எங்கே கிளம்புகிறது, கர்வ் பால் எந்த உயரத்தில் தொடங்கி எங்கே விழுகிறது, இரண்டு ஸ்ட்ரைக் ஆனபிறகு இந்த ஆள் எதைப் போடுகிறார், எல்லாம் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. ரேஸ் கிளப் இந்த ஒரு உண்மையின் மேல்தான் வீடு கட்டியது. பணக்காரக் கிளப்புகளோடு சம்பளத்தில் மோத முடியாது, அதனால் ஸ்டார்ட்டர்களை (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்களை) 18 பேட்டரோடு, அதாவது ஒன்பது பேர் வரிசை இரண்டு சுற்று வந்ததோடு நிறுத்தி, மீதியைப் பலசாலி ரிலீவர்களிடம் கொடுப்பது. 2018 மே மாதம் செர்ஜியோ ரோமோ என்கிற ரிலீவரை ஸ்டார்ட்டராக இறக்கி 'ஓப்பனர்' என்கிற பழக்கத்தையே ஆரம்பித்துவைத்தவர்கள் இவர்கள். 2020இல் 40 வெற்றி, 20 தோல்வி, அமெரிக்கன் லீகில் முதலிடம், எல்லாம் அப்படி விளையாடித்தான். வேர்ல்ட் சீரீஸ் வரை கொண்டுவந்து சேர்த்த வழியை வேர்ல்ட் சீரீஸில் விட்டுவிடு என்று ஒரு மேனேஜரிடம் சொல்வது எளிது, அவர் இடத்தில் இருந்தால் தெரியும்.

ஸ்னெல்லுடைய சொந்தக் கதையும் இருக்கிறது. 2018இல் 21 வெற்றி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.89 ரன்தான் கொடுத்த சராசரி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. ஆனால் 2019 ஜூலையில் முழங்கையில் சிறு அறுவை சிகிச்சை நடந்தது, 2020இல் ஒரு ஆட்டத்தில்கூட அவர் ஆறு இன்னிங்ஸ் முழுசாக முடித்ததில்லை. அதைவிட முக்கியம் இதே தொடரின் இரண்டாவது ஆட்டம். ஆறு நாள் முன்னால், இதே டாட்ஜர்ஸ், ஐந்தாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் வரை ஸ்னெல் ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. அப்புறம் ஒரு வாக், கிறிஸ் டெய்லர் ஹோம் ரன், பெட்ஸுக்கு வாக், சீகருக்கு சிங்கிள். அவ்வளவு நேரம் தொடவே முடியாதவர் நாலே பேட்டருக்குள் அவிழ்ந்துபோனார். அன்றும் கேஷ் ஆண்டர்சனைத்தான் கூப்பிட்டார், ரேஸ் 6-4 என்று ஜெயித்தது. பார்ன்ஸின் சிங்கிள் போனபோது கேஷ் மனதில் அந்த இரவு ஓடியிருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. இந்த முறை முன்னிலை ஒரே ஒரு ரன், அவிழ்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருப்பார். டாட்ஜர்ஸ் வரிசையின் பலத்தையும் பெட்ஸ் மூன்றாவது முறை வருவதையும்தான் அவரும் காரணமாகச் சொன்னார்.

ஆனாலும் 'மூன்றாவது முறை' என்பதை ஏதோ சுவர் மாதிரி நினைத்துக்கொள்வதில் ஒரு பிழை இருக்கிறது. 18ஆவது பேட்டர் வரை பாதுகாப்பு, 19ஆவது வந்ததும் பள்ளம் என்று கிடையாது. பழக்கம் மெல்ல மெல்ல ஏறுகிறது, பிட்சரின் பலம் மெல்ல மெல்ல இறங்குகிறது, பின்னாளில் இதை நுணுக்கமாக ஆராய்ந்தவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு பேட்டருக்கு வருகிற வித்தியாசம் சின்னது. நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் சேர்த்துப் பார்த்தால் அது பெரிய தொகை, ஒரே ஒரு முறைக்கு அது சில்லறை. அந்தச் சில்லறையைவிட, எடுத்த இடத்தில் யாரை வைக்கிறோம் என்பது பல மடங்கு பெரியது. ஸ்னெல் மூன்றாவது முறை கொஞ்சம் குறைந்த ஸ்னெல், சரி. அந்தக் குறைந்த ஸ்னெல்லைவிட வருகிறவர் நல்லவரா? கேள்வியே அதுதான்.

அப்படிப் பார்த்தால் இரண்டாவது வழி, அதாவது கேஷ் தேர்ந்தெடுத்த வழி, ஆண்டர்சன்.

சீசன் எண்களை மட்டும் பார்த்தால் இவரைவிடச் சிறந்த தேர்வு கிடையாது. 2020இல் 16 சொச்சம் இன்னிங்ஸ், 0.55 சராசரி, அதாவது சீசன் முழுக்க ஒரே ஒரு ரன் அவர் கணக்கில். ஆனால் அக்டோபரில் வந்து நின்றவர் அந்த ஆண்டர்சன் இல்லை. இந்த ஆட்டத்துக்கு முன்னால் தொடர்ந்து ஆறு முறை அவர் இறங்கி, ஆறு முறையும் ரன் கொடுத்திருந்தார். அன்று ஏழாவது முறை. ஒரே போஸ்ட் சீசனில் ஒரு ரிலீவர் இப்படித் தொடர்ச்சியாக ரன் கொடுத்தது அதற்குமுன் நடந்ததில்லை. சில ஆட்டங்களில் அவரிடம் ஒரு இன்னிங்ஸுக்கு மேல் வேலை வாங்கியிருந்தார்கள். நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில் நாலாவது இன்னிங்ஸுக்கு முன்பே கொண்டுவந்து 8 அவுட் எடுக்கவைத்தார்கள். ஒரு இன்னிங்ஸ் போட்டுவிட்டுப் போகிற உடம்பு அது, அதை ஒரு மாதம் வாட்டி எடுத்தால் ஏதாவது கொஞ்சம் குறையத்தானே செய்யும்? அடுத்த வருஷம் மார்ச்சில் அவர் முழங்கைத் தசைநாரில் பாதிக் கிழிசல் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கிழிசல் அக்டோபரிலேயே இருந்ததா என்று சொல்ல முடியாது, கேஷுக்குத் தெரிந்திருக்கும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் எக்ஸ்ரே வேண்டாம், ஆறு ஆட்டங்களின் ஸ்கோர் தாள் போதும்.

இதற்குக் கேஷ் பக்கத்து ஆட்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும்: ஆறு ஆட்டம் சின்னக் கணக்கு, இரண்டு வருஷம் பெரிய கணக்கு, பெரியதைத்தான் நம்ப வேண்டும். பேட்டர்களுக்கு இது பெரும்பாலும் சரி. பத்து நாள் அடிக்காத பேட்டர் பதினோராவது நாள் அடிப்பார். பிட்சருக்கு அப்படியே பொருத்த முடியாது, ஏனென்றால் பிட்சரின் கை தேய்கிற பொருள். ஜூலையில் இருந்த கை அக்டோபரில் இருக்கும் என்று எந்தக் கணக்கும் உத்தரவாதம் தருவதில்லை. ஸ்னெல் களைத்துவிடுவாரோ என்று பயந்தவர்கள், ஏற்கெனவே களைத்துப்போனவரிடம் பந்தைக் கொடுத்தார்கள். என் கோபம் முழுக்க இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது.

மூன்றாவது வழி, ஸ்னெல்லை எடுத்துவிட்டு ஆண்டர்சன் அல்லாத வேறொருவர். பேசுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் தாண்டிப்போய்விடுகிறார்கள்.

புல்பென்னில் (மாற்று பிட்சர்கள் தயாராகக் காத்திருக்கும் இடம்) ஆள் பஞ்சம் இல்லை. முந்தின நாள் ஓய்வு நாள். பீட் ஃபேர்பேங்க்ஸ் இருந்தார், ஹூஸ்டனுக்கு எதிரான அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தைக் கடைசியில் வந்து முடித்துக்கொடுத்தவர். டியகோ காஸ்டியோ இருந்தார், யாங்கீஸுக்கு எதிரான அந்த ஐந்தாவது ஆட்டத்தின் கடைசி ஆறு அவுட்டை எடுத்தவர், வேகமும் ஸ்லைடரும் கொண்டு பேட்டரை மடக்குகிறவர். ஏரன் லூப் இருந்தார், இடது கை, சீகருக்கு ஏற்றவர், ஆனால் மூன்று பேட்டர் விதியால் பெட்ஸையும் டர்னரையும் கூடவே சுமக்க வேண்டியிருக்கும், இருவரும் வலது கை. நான் என்றால் ஒரு பேஸில் ஆள் நிற்கும்போது, ஸ்ட்ரைக் அவுட் தேவைப்படும்போது, காஸ்டியோ பக்கம்தான் போயிருப்பேன்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எட்டாவது இன்னிங்ஸில் பெட்ஸ் அடித்த ஹோம் ரன் யார் பந்தில்? ஃபேர்பேங்க்ஸ். ஆக, ஆண்டர்சனுக்குப் பதில் அவர் வந்திருந்தால் எல்லாம் சுபம் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. பெட்ஸ் அன்று யாரையும் அடித்திருப்பாரோ என்னவோ. ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு தெரிந்ததை வைத்து முடிவை அளக்கக் கூடாது, முடிவெடுத்த நொடியில் தெரிந்ததை வைத்துத்தான் அளக்க வேண்டும். இந்த விதியைக் கேஷைக் காப்பாற்றுவதற்கு மட்டும் பயன்படுத்திவிட்டு மூன்றாவது வழிக்கும் பொருத்திப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். அந்த நொடியில் தெரிந்தது இது: ஆறு முறை தொடர்ந்து ரன் கொடுத்த ஒருவர், பக்கத்தில் ஓய்வெடுத்த கையோடு இன்னும் சிலர்.

நாலாவது வழிதான் என் வழி. ஸ்னெல்லை விட்டுவைப்பது, ஆனால் முழு ஆட்டத்துக்கும் இல்லை, பேட்டர் பேட்டராக. பெட்ஸுக்கு ஸ்னெல். பெட்ஸ் அவுட்டானால் சீகருக்கும் ஸ்னெல், இடதுக்கு இடது, அன்று ஏற்கெனவே இரண்டு முறை அவரை ஸ்ட்ரைக் அவுட் செய்த கை. சீகரும் போய்விட்டால் இன்னிங்ஸ் முடிந்தது, டர்னர் அடுத்த இன்னிங்ஸின் முதல் ஆள், அங்கே புதிதாக ஒரு வலது கை பிட்சரை ஆள் இல்லாத பேஸ்களோடு தொடங்கவைக்கலாம். பெட்ஸ் சிங்கிள் அடித்தால்? அப்போதும் சீகருக்கு ஸ்னெல்தான், அவரை எடுத்தால் சீகருக்கு வலது கை பிட்சரைக் கொண்டுவர வேண்டிவரும், அது சீகருக்கு விருந்து. பெட்ஸுக்கு வாக் கொடுத்தால் மட்டும் நிலைமை மாறும், ஏனென்றால் அன்று ஒரு வாக்கூடக் கொடுக்காத ஆள் வாக் கொடுக்கிறார் என்றால் கை எங்கோ தவறுகிறது என்று அர்த்தம், இரண்டாவது ஆட்டத்தில் அவர் அவிழத் தொடங்கியதும் வாக்கில்தான்.

இந்த வழியில் என்ன நஷ்டம்? பெட்ஸ் ஒரே பந்தில் ஹோம் ரன் அடித்தால் 2-1, ஆட்டம் கை நழுவும், 'மூன்றாவது முறை விட்டுவைத்தாரே' என்று கேஷை வறுத்தெடுத்திருப்பார்கள். அந்த ஆபத்து உண்மைதான். ஆனால் யார் போட்டாலும் பெட்ஸ் ஹோம் ரன் அடிக்கலாம், அவர் அந்தத் தரத்து ஆள். ஸ்னெல் என்றால் அந்த வாய்ப்பு கொஞ்சம் ஏறுகிறதா, ஆண்டர்சன் என்றால் ஏறுகிறதா என்று கேட்டால், அந்த இரவில் எனக்குப் பதில் தெளிவாக இருக்கிறது.

சரி, விட்டுவைப்பதே எப்போதும் நல்லது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு 2003 அக்டோபர் 16 சாட்சி. அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், யாங்கீ ஸ்டேடியம், பாஸ்டன் ரெட் சாக்ஸ் எட்டாவது இன்னிங்ஸில் 5-2 முன்னிலை, பிட்சர் பெட்ரோ மார்டினெஸ். டெரெக் ஜீட்டர் டபுள், பெர்னி வில்லியம்ஸ் சிங்கிள், 5-3. மேனேஜர் கிரேடி லிட்டில் மவுண்டுக்கு (பிட்சர் நிற்கும் மேட்டுக்கு) போனார், பெட்ரோவிடம் பேசினார், அவரை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். ஹிடெக்கி மட்சுயி டபுள், ஜார்ஜ் போசாடா டபுள், 5-5. பெட்ரோ அன்று போட்டது 123 பந்துகள். நூறைத் தாண்டினால் பெட்ரோவை அடிக்கிறார்கள் என்பது அந்தக் கிளப்பின் கணக்கிலேயே இருந்தது. அதைவிட, புல்பென்னில் மைக் டிம்லின், ஏலன் எம்ப்ரீ, ஸ்காட் வில்லியம்சன் மூவரும் அந்த அக்டோபரில் பிரமாதமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பதினோராவது இன்னிங்ஸில் ஏரன் பூன் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார், லிட்டிலின் ஒப்பந்தத்தை பாஸ்டன் நீட்டிக்கவில்லை.

லிட்டிலையும் கேஷையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ஒருவர் விட்டுவைத்துத் தோற்றார், ஒருவர் எடுத்துத் தோற்றார், எப்படிச் செய்தாலும் திட்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. இருவரும் செய்தது ஒரே தவறு. லிட்டில் பெட்ரோவின் பழைய பெருமையை நம்பி, அன்றைக்கு நன்றாக இருந்த டிம்லினை உட்காரவைத்தார். கேஷ் ஆண்டர்சனின் சீசன் எண்ணை நம்பி, அன்றைக்கு நன்றாக இருந்த ஸ்னெல்லை உட்காரவைத்தார். இருவர் பக்கத்திலும் அன்றைக்கு நன்றாக இருந்த கை ஒன்று இருந்தது, அதை விட்டுவிட்டார்கள்.

2015இல் நியூயார்க் மெட்ஸின் டெர்ரி காலின்ஸ் கதை கொஞ்சம் வேறு. வேர்ல்ட் சீரீஸ் ஐந்தாவது ஆட்டம், மேட் ஹார்வி எட்டு இன்னிங்ஸ் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 2-0. எடுக்கலாம் என்று முடிவாகியிருந்தது, ஹார்வி நேராகப் போய் நின்று நானே முடிக்கிறேன் என்றார், காலின்ஸ் மனம் இளகினார். ஒன்பதாவதில் முதல் ஆளுக்கு வாக், அடுத்து எரிக் ஹாஸ்மர் டபுள், கடைசியில் கான்சாஸ் சிட்டி 12 இன்னிங்ஸில் 7-2 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. இதில் காலின்ஸை நான் அதிகம் குறை சொல்ல மாட்டேன். விட்டது கூட பரவாயில்லை, அந்த வாக் விழுந்த உடனேயே எடுக்காததுதான் பிழை, பேட்டர் பேட்டராகப் பார்ப்பது என்று நான் சொல்வதும் இதைத்தான். 2019இல் ஹூஸ்டனின் ஏ. ஜே. ஹின்ச், வேர்ல்ட் சீரீஸின் ஏழாவது ஆட்டத்தில் ஜாக் கிரெய்ங்கியை 80 பந்திலேயே எடுத்துவிட்டு வில் ஹாரிஸைக் கொண்டுவந்தார், ஹாவி கென்ட்ரிக் வலது பக்கத் தூணில் ஒரு ஹோம் ரன் அடித்தார். அந்த வருஷம் ஹூஸ்டனுக்காகப் பிரமாதமாகப் போட்ட கெரிட் கோல் புல்பென்னிலேயே இருந்து கோப்பை போவதைப் பார்த்தார். அங்கேயும் எடுத்ததைவிட, யாரை வைத்தார் என்பதில்தான் வாதம் செய்ய இடம் இருக்கிறது.

எதிர்முகாமையும் பார்க்க வேண்டும். 2020இன் அதே இரவில் டாட்ஜர்ஸ் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் தன் ஸ்டார்ட்டர் டோனி கான்சோலினை ஐந்தே அவுட்டுக்குப் பிறகு, இரண்டாவது இன்னிங்ஸிலேயே வெளியே எடுத்துவிட்டார். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக ஆறு பேர், அந்த ஆறில் கடைசி ஆள், கடைசி ஏழு அவுட்டுக்கு, ஹூலியோ உரியாஸ். மொத்தம் 16 ஸ்ட்ரைக் அவுட். ராபர்ட்ஸும் அதே கணக்குப் பள்ளியில் படித்தவர்தான், முந்தைய வருஷங்களில் பிட்சர் மாற்றங்களுக்காக அவர் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. உரியாஸ் வந்தபின் அடுத்தவரைத் தேடாமல் அவரிடமே விட்டார், ஏனென்றால் உரியாஸை யாராலும் தொட முடியவில்லை. ஒரே ஆட்டத்தில் ஒரு பிட்சரைச் சீக்கிரம் எடுத்தார், இன்னொருவரைக் கடைசிவரை விட்டார். இரண்டையும் அன்று கண்ணில் பட்டதை வைத்துச் செய்தார்.

ரேஸின் பேட்டர்களையும் இங்கே சும்மா விட முடியாது, ஒரு ரன் எடுத்துவிட்டு எட்டு இன்னிங்ஸ் அதைக் காப்பாற்று என்று பிட்சர்களிடம் கொடுத்தால் எந்த மேனேஜர் எந்த வழியில் போனாலும் அவஸ்தைதான்.

கேஷ் அந்த வருஷம் அமெரிக்கன் லீகின் சிறந்த மேனேஜர், அடுத்த வருஷமும் அவரே. நான் அவரைத் திறமையில்லாதவர் என்று சொல்லவே வரவில்லை, திறமையானவர் என்பதால்தான் இத்தனை பேசுகிறோம். ஸ்னெல்லை அந்த டிசம்பரிலேயே சான் டியாகோவுக்கு மாற்றிவிட்டார்கள். 2023இல் அங்கே இரண்டாவது சை யங், 2024 ஆகஸ்டில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்காக ஒரு நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்), அவர் வாழ்க்கையிலேயே ஒன்பதாவது இன்னிங்ஸைப் பார்த்தது அன்றுதான். அப்புறம் போய்ச் சேர்ந்த இடம் அதே டாட்ஜர்ஸ்.

2025 அக்டோபர் 13, மில்வாக்கியில் நேஷனல் லீக் இறுதித் தொடரின் முதல் ஆட்டம். ஸ்னெல் எட்டு இன்னிங்ஸ், 103 பந்து, ஒரே ஹிட், 10 ஸ்ட்ரைக் அவுட், வந்தது 24 பேட்டர், எடுத்தது 24 அவுட், அந்த ஒரு ஹிட் அடித்தவரும் பேஸில் பிடிபட்டு அவுட்டானார். மூன்றாவது முறை அவரைப் பார்த்தவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. ஒன்பதாவதில் ராபர்ட்ஸ் அவரை நிறுத்திவிட்டு ரோகி சசாகியைக் கொண்டுவந்தார், சசாகி தடுமாறி ஒரு ரன் கொடுத்தார், பிளேக் டிரைனன் வந்து எல்லா பேஸிலும் ஆள் நிற்க ஒரு ஸ்ட்ரைக் அவுட்டில் 2-1 என்று தப்பித்தார்கள். அன்றும் அதே வாதம் எழுந்தது, ஸ்னெல்லையே விட்டிருக்கலாமே என்று. அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன், 103 பந்து வேறு, 73 பந்து வேறு. சசாகியும் அந்த மாதம் அதுவரை கடைசி இன்னிங்ஸுகளில் நன்றாகவே போட்டுக்கொண்டிருந்தார், ஆறு முறை தொடர்ந்து ரன் கொடுத்துவிட்டு வந்தவர் இல்லை.